செயலாளர் வீட்டுத் தண்ணீர்

என் கணவரைச் செயலாளராக இருக்கச் சொல்லி எங்கள் குடியிருப்புக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டபோது அவர் முடியாது என்றார். முழங்கால் வலி என்றார். அரசாங்கத்தில் பொறியாளராகக் கழித்த வருஷங்களே போதும் என்றார். இளையவர்கள் யாரையாவது பாருங்கள் என்று வாசல்வரை கொண்டுவிட்டார். அவர்கள் விடவில்லை, மறுபடி வந்தார்கள். மறுபடியும் மறுத்தார். கடைசியில் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து, நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டடமே உருப்படாது என்று கெஞ்சிய பிறகு, ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று தலையசைத்தார்.

அவர்கள் போனதும் நான் சிரித்துவிட்டேன். அப்போது நான் பண்டைய ரோமானிய வரலாற்றாசிரியர் ஒருவரைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருந்தேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக அவர் எழுத்திலிருந்து சில அத்தியாயங்களைத் தரும்படி பழைய துறைத்தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். லத்தீன் எனக்கு மாதா கோவில் பாட்டு அளவுக்குத்தான் தெரியும். ஆங்கிலப் பதிப்புகளையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒரு கொடியவனின் ஆட்சியில் வாயை மூடிக்கொண்டு பதவிகள் வகித்தவர். அவன் செத்தபிறகுதான் எழுத உட்கார்ந்தார். அதனால்தானோ என்னவோ, அதிகாரத்துக்கு அருகில் நிற்கும் மனிதர்களின் முகம் அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அரியணை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, சபை முழுவதையும் காலில் விழவைத்துவிட்டு ஏறி உட்காரும் ஒரு மன்னனைப் பற்றி அன்று காலைதான் எழுதியிருந்தேன். அதைக் கணவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"அப்ப நான் ராஜாவா? ராஜாவுக்கு ஒரு டீ போட்டுக் குடு."

அந்தச் சிரிப்பு உண்மையானது. அதை இங்கே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை வைத்து அவர் முதலிலிருந்தே பதவிக்கு ஆசைப்பட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலையில் இருந்த காலத்தில் தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரும் இனிப்புப் பெட்டியைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். பிழைக்கத் தெரியாதவர் என்று என் அண்ணன்மார்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அடையாற்றில், ஆற்றை நோக்கி இறங்கும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது எங்கள் கட்டடம். அவருக்கு முன்னால் இருந்த செயலாளர் கத்துகிற ஆள். வண்டி கோணலாக நின்றால் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார். வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலகை மாட்டினார். அவரைப் பொதுக்குழுவில் இறக்கிவிட்டுத்தான் என் கணவரிடம் வந்தார்கள். என் கணவர் செய்த முதல் வேலை அந்தப் பலகையைக் கழற்றியது. அதற்காகவே எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அவருக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாம் மாடியில் ஒருவர் இருந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மெல்லப் பேசுவார், சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும். பழைய செயலாளர் எங்கே போனாலும் ஓரடி பின்னால் போனவர் அவர்தான். அந்தப் பொதுக்குழுவில் பழைய செயலாளருக்கு எதிராக முதலில் எழுந்து பேசியவரும் அவர்தான். இப்போது அவர் மாலையில் எங்கள் பால்கனிக்கு வரத் தொடங்கினார். முதலில் கட்டட விஷயங்கள் பேசினார். பிறகு மனிதர்களைப் பற்றிப் பேசினார். உங்களைப் பற்றி இன்னார் இப்படிச் சொன்னார் சார், எனக்கே கஷ்டமாகிவிட்டது என்பார். என் கணவர் அதெல்லாம் எதற்கு என்று கையை வீசுவார். ஆனால் எழுந்து போக மாட்டார். மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் வரச் சற்றுத் தாமதமானால் படிக்கட்டுப் பக்கம் பார்ப்பார்.

நான் உள்ளே மேசையில் உட்கார்ந்து அதே சமயம் ரோமில் கோள் சொல்லிப் பிழைத்தவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். அங்கே யாருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்கள் எல்லோரும் அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது வெயிலும் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறு காற்றைத் துப்பியது. லாரித் தண்ணீர்தான் கதி. லாரி வந்து கீழே நிலத்தடித் தொட்டியில் ஊற்றும், மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய், தனி வால்வு. என் கணவர் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் என்று திட்டம் போட்டார். எல்லோரும் ஒத்துழைத்தார்கள். ஆனால் மாலையில் நிரப்பிய தொட்டி விடிந்து பார்த்தால் பாதிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரு நாள் மட்டும் அல்ல, நாள்தோறும்.

தண்ணீர் குறைந்ததைவிட, யாரோ எடுக்கிறார்கள் என்ற பேச்சுத்தான் கட்டடத்தை மாற்றியது. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால் காது நிமிர்ந்தது. செடிக்கு ஒரு குவளை ஊற்றியவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நானே ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் ஈரக் கோலத்தைப் பார்த்து எவ்வளவு தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் மாடிக்காரர் ஒரு மாலை குரலைத் தாழ்த்திக்கொண்டு கீழ் வீட்டைச் சொன்னார்.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவள் இட்லி மாவு அரைத்து விற்பவள். அவள் கணவன் சினிமாப் படப்பிடிப்பில் விளக்கு தூக்குகிறவன். கோடம்பாக்கத்திலிருந்து வண்டி ஏறினால் வாரக்கணக்கில் வெளியூர். ஒரே பெண், பிளஸ் டூ. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அவள் மாவுதான், எங்கள் வீட்டிலும்தான். அரைக்கிற தண்ணீரை அவள் கேனில் வாங்குகிறாள் என்பது கேன் போடுகிறவனைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் மாடிக்காரர் விடியற்காலையில் அவள் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தாராம். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான் சாட்சியம். துணி எடுக்கப் போயிருப்பாள் என்று நான் உள்ளிருந்தே சொன்னேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்துவிட்டு என் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை என் கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கீழ் வீட்டு வால்வை மூடிவிட்டு வந்தார்.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டா ஒத்துக்குவாளா?"

"கேக்காமலே தீர்ப்பா?"

"தீர்ப்பு இல்ல. விசாரணை முடியற வரைக்கும்தான்."

"யாரு விசாரிக்கறா?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தவள் நான். என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் ஒரு பொருளைத் துடைப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த வாரத்திலிருந்து தற்செயலாகக் கூடுதல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது, ராத்திரியிலும் மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தே இருந்தது. பார்த்தீர்களா சார் என்றார் மூன்றாம் மாடிக்காரர். கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்களாக வந்து விழுந்தன. அந்த உற்சாகத்தில்தான் அடுத்த அறிவிப்பும் போனது. தண்ணீர் நிறுத்தப்பட்ட வீட்டுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தால் அவர்கள் வீட்டு இணைப்பும் நிறுத்தப்படும். சொற்கள் மூன்றாம் மாடிக்காரருடையவை, அனுப்பியது என் கணவர். யாரும் எதிர்க்கவில்லை. வேலைக்காரப் பெண்களுக்கு லிஃப்ட் திறந்துவிட்டதற்கு வந்ததைவிட அதற்குக் கைகூப்பல் அதிகம்.

நான் மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து எங்கள் வீட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு படி இறங்கினேன். லிஃப்டில் போயிருக்கலாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்தேன். என் வீட்டுத் தண்ணீரை என் கையால் எடுத்துக்கொண்டு போக எதற்கு இந்தப் பயம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொண்டேன், ஆனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இன்னா மேடம், மூடினது உங்க வூட்டுக்காரரு. நீங்க எதுக்குத் தூக்கிக்கினு வர்றீங்க?"

"பொண்ணுக்குப் பரீட்சை நடக்குதில்ல."

"நடக்குது." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "நான் எடுக்கலைன்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"அத அவராண்ட சொன்னீங்களா?"

சொன்னேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்லியும் நடக்கவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது. பிறகு உள்ளே அறையில் வெளிச்சம் எரிவதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் போனேன்.

தவக்காலத்தின் கடைசி வாரம் தொடங்கும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய மாலை மூன்றாம் மாடிக்காரர் வந்தார். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை. இதை உங்களிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன் சார், தூக்கமே இல்லை என்று சொல்லியபடி கைபேசியை நீட்டினார். கீழ்த்தளக் கேமராவின் பதிவு. என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

திரையில் நான் இருந்தேன். இடுப்பில் குடமும் கையில் செருப்புமாகத் திருடியைப் போலவே இருந்தேன்.

"இது நீதானே?"

"நான்தான்."

"என்னிக்கிலேர்ந்து?"

"நீங்க அந்த அறிவிப்பு போட்ட மறுநாள்லேர்ந்து."

கீழே தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி போனது. மூன்றாம் மாடிக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"மேடம் இரக்கப்பட்டுச் செஞ்சிருக்காங்க சார். தப்பே இல்ல. இத அழிச்சிடறேன். நம்ம மூணு பேரத் தவிர யாருக்கும் தெரிய வேணாம்."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு கனிவு இருந்தது. அந்தக் கனிவை நான் நம்பவில்லை. அழிக்கிறேன் என்று சொன்னாரே தவிர, கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இனி வாழ்நாள் முழுவதும் என் கணவர் அந்தச் சட்டைப்பைக்குக் கட்டுப்பட்டவர். என் கணவருக்கும் அது புரிந்தது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் போய் எங்கள் வீட்டு வால்வை மூடினார். இறங்கி வந்து, என் வீட்டில் விதி மீறப்பட்டது, இணைப்பை நிறுத்திவிட்டேன் என்று குழுவில் எழுதினார்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்கு அவர்மேல் பெருமையாகத்தான் இருந்தது. இனிப்புப் பெட்டியைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர். பெருமை வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. கைபேசியில் பாராட்டுகள் கொட்டத் தொடங்கின. கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் கிடத்திய சோழ மன்னனோடு ஒருவர் அவரை ஒப்பிட்டார். அவர் அதைப் படித்தார். பிறகு முகம் கழுவப் போய், குழாயில் தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடியும் படித்தார்.

அந்த வாரம் என் மொழிபெயர்ப்பு ஒரே சொல்லில் நின்றுவிட்டது. ரோமானியர்கள் மனிதனின் மிக உயர்ந்த குணத்துக்குச் சொல்லும் சொல். தமிழில் அறம் என்று எழுதினேன். ஆனால் அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ஆண் என்பது. அதனால் ஆண்மை என்று எழுதினேன், அடித்தேன். மானம் என்று எழுதிப் பார்த்தேன். தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே தண்டித்தவர்களை ஊர் கொண்டாடும் இடங்களில் அந்தச் சொல் வரும். அங்கே தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றி யாரும் இரண்டாவது வரி எழுதுவதில்லை. கீழ் வீட்டுக் குழாய் இன்னும் மூடித்தான் இருந்தது. அதைப் பற்றிக் குழுவில் இப்போது யாருமே பேசவில்லை. எல்லோரும் என் கணவரின் நேர்மையைப் பற்றியே பேசினார்கள்.

தெருமுனையில் ஒரு கறுப்புத் தொட்டி இருக்கிறது. லாரி நிரப்பிவிட்டுப் போகும், குழாய் இல்லாத வீட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். என் கணவர் இரண்டு பக்கெட்டுகளோடு அங்கே போய் நின்றார். அவளும் அதே வரிசையில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்று மாடியிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது. லிஃப்ட் வேலை செய்யாத அன்று பக்கெட்டுகளோடு படியேறினார். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள், வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் ஒரு பக்கெட்டை வாங்கவில்லை. எங்களுக்கு உதவினால் அவர்கள் வீட்டுத் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? அவர் போட்ட விதிக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள்.

அன்று அவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன்.

"அவளுக்கும் நமக்கும் ஒரே தண்டனைன்னு நெனைக்கிறீங்க, இல்ல?"

"ஒரே தண்டனைதான்."

"நீங்க பக்கெட் தூக்கினா கும்புடறாங்க. அவ தூக்கினா திருடிங்கறாங்க. எது ஒண்ணு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. என்மேல் அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பேன், சாப்பிடுவார். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம்.

பெரிய வியாழன் அன்று எங்கள் பங்குக் கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோலப் பங்குத்தந்தை மண்டியிட்டுப் பங்கு மக்களின் காலைக் கழுவித் துடைப்பார். கழுவப்படப் போகும் காலை யாரும் அழுக்கோடு கொண்டுபோவதில்லை. அவர் குளியலறையில் உட்கார்ந்து, வரிசையில் நின்று பிடித்து வந்த தண்ணீரில், சோப்புப் போட்டு, நகத்திடுக்குவரை கழுவினார். அத்தனை தண்ணீரும் சாக்கடையில் போகும் சத்தத்தை நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசலில் அவள் எதிரே வந்தாள். இரண்டு கையிலும் குடம், சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. அவர் வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார். அவள் கடந்து போனாள்.

கோவிலில் நான் பெண்கள் பக்கம் பின்வரிசையில் இருந்தேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. பங்குச் சாமியார் அவர்முன் மண்டியிட்டார். தண்ணீர் விழுந்தபோது அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாரோ என்று தோன்றியது. சாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காலைப் பிடித்துத் துடைத்தார்.

பூசை முடிந்தபோது அவர் இல்லை. நான் ஆராதனைக்குச் சற்று நேரம் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம். திறந்து கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.

"கீழேயும் தொறந்துட்டேன்" என்றார். அந்தச் சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேசப்பட்ட முதல் வாக்கியம் அது.

மறுநாள் பெரிய வெள்ளி. யார் உத்தரவின் பேரில் வால்வுகள் திறக்கப்பட்டன என்று மூன்றாம் மாடிக்காரர் குழுவில் கேட்டிருந்தார். என் உத்தரவு, நான் செய்தது தவறு என்று என் கணவர் பதில் எழுதினார். அதற்குக் கைகூப்பல் ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அன்று பிற்பகல் கோவிலில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசித்தார்கள். ரோமானிய ஆளுநன் கூட்டத்தின் முன் தண்ணீர் எடுத்துக் கை கழுவும் இடம் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னுடைய வரலாற்றாசிரியரும் அந்த ஆளுநனைக் குறிப்பிடுகிறார், போகிற போக்கில். அவருக்கு அது ஏதோ தூரத்து மாகாணத்தில் நடந்த சின்ன விவகாரம்.

சனிக்கிழமை காலை கீழே டெம்போ வந்து நின்றது. கிரைண்டரை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு யாரோ தகவல் சொல்ல, அவர் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது; அவள் அன்று அதைச் சொல்லவில்லை. என் கணவர் வேகமாகப் படி இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

"தண்ணி விட்டாச்சும்மா. வியாழக்கிழமையே தொறந்துட்டேன். நீங்க போக வேண்டியதில்ல" என்றார். அவளை அவர் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல்முறை.

அவள் பாத்திர மூட்டையைக் கீழே வைத்தாள்.

"தண்ணி வந்துச்சு சார். பார்த்தேன். நான் தண்ணி இல்லன்னு போகல. திருடினியான்னு ஒரு தபா கூட நீங்க என்னாண்ட கேக்கல. அதான் போறேன்." என் பக்கம் திரும்பினாள். "மேடம், உங்க குடம் உள்ள கீது. எடுத்துக்கோங்க."

மகள் டெம்போவின் முன்னிருக்கையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். வண்டி கிளம்பித் தெரு திரும்பும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரோடு கூடுதல் லாரி நின்றது; மறுநாள் விடிந்தபோது தொட்டி பாதிக்குக் கீழே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. கீழ் வீட்டில் பூட்டுத் தொங்கியது. என் கணவர் வாகனம் நிறுத்தும் இடத்தில் தரையோடு காதை வைத்துப் படுத்துக் கேட்டதை நான் மேலிருந்து பார்த்தேன். தனிக் குழாய்கள் வருவதற்கு முன்பு போட்ட, இன்னும் மொட்டைமாடித் தொட்டியோடு இணைந்திருக்கும் பழைய பிரதானக் குழாய் அந்தத் தரைக்கடியில்தான் போகிறது. மண்ணுக்குள்ளே கசிகிறது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். முன்பே ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரு பொறியாளருக்கு முதலில் தோன்ற வேண்டியது அதுதான் என்பது அவருக்கே தெரியும். திருடி ஒருத்தி கிடைத்தபிறகு குழாயைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டினார். நின்றுகொண்டே பேசினார். விசாரிக்காமல் ஒரு குடும்பத்தைத் தண்டித்துவிட்டேன், அவர்கள் போனபிறகும் தண்ணீர் குறைகிறது, இது கசிவு, தரையைத் தோண்டுங்கள், நான் விலகிக்கொள்கிறேன். இவ்வளவுதான். எங்கள் கூடத்தில் வந்து கெஞ்சியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். சிலர் கைபேசியைப் பார்த்தார்கள், சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். தரையைத் தோண்டினால் வண்டிகளை எங்கே விடுவது என்று ஒருவர் கேட்டார்.

மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். என் கணவரின் சேவைக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"அந்தம்மா போயும் தண்ணி கொறையுதுன்னா, வேற யாரோ எடுக்கறாங்கன்னுதான் அர்த்தம்."

அந்த அறையில் நாற்காலிகள் லேசாக நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள், பார்த்ததைப் பக்கத்தில் இருந்தவர் கவனித்துவிட்டாரோ என்று உடனே தலையைத் திருப்பினார்கள். எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். ஈரக் கோலத்தை நான் நின்று பார்த்த அன்று அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

புதிய செயலாளராக மூன்றாம் மாடிக்காரர் பெயரை யாரோ முன்மொழிந்தார்கள். அவர் முடியாது என்றார். உடல்நிலை சரியில்லை என்றார். வற்புறுத்தினார்கள். கைகள் உயர்ந்தன. முதலில் சில, பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு மற்றவை. நானும் என் கணவரும் கைகளை மடியிலேயே வைத்திருந்தோம். அவர் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டே வந்து, எங்கள்முன் மட்டும் அரை நொடி கூடுதலாக நின்று புன்னகைத்தார்.

அந்த வாரமே லிஃப்டில் பலகை திரும்ப வந்தது. மாடிக்கதவுக்குப் பூட்டு வந்தது. எங்கள் தளத்தில் புதிதாக ஒரு கேமரா வந்தது, எங்கள் வாசலைப் பார்த்தபடி. தரையை இன்றுவரை தோண்டவில்லை.

என் கணவர் வெகுநாள் வெளியே போகாமல் இருந்தார். என் மேசைப் பக்கம் வந்து, எழுதி முடித்த தாள்களை எடுத்துப் படிப்பார். ஒருநாள் கேட்டார்.

"இந்த ஆளு எல்லாரையும் இப்படித்தான் எழுதுவாரா? நல்லவன்னு ஒருத்தனும் இல்லையா?"

"இருக்காங்க. கொஞ்ச பேர்."

"அவங்க என்ன பண்றாங்க?"

கெட்டவர்களுக்குக் கீழேயும் தலையைக் குனியாமல், அதே சமயம் தலையைத் தட்டில் வைத்துக் காட்டிப் பெருமைப்படாமல், தங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர்களை அந்த வரலாற்றாசிரியர் மதித்தார் என்று சொன்னேன். சொல்லும்போதே, வால்வை மூடிவிட்டுக் குழுவில் எழுதியதை நான் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, சரி என்றார்.

மே மாதம் ஒரு காலை, கே.கே. நகர் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். அவள் அங்கே குடியேறியிருப்பதைக் கேன் போடுகிறவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். வெயில் ஏறியபிறகு திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மாவுப் பொட்டலம்.

நான் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"மார்க்கெட்டுக்குப் பின்னால சின்னக் கடை போட்டிருக்கா. கூட்டம் இருந்துச்சு" என்றார். "மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"வர்றவங்களுக்கு வழி விட்டு நில்லுங்க சார்னா. ஓரமா நின்னேன். எல்லாரும் வாங்கிட்டுப் போனப்புறம், உங்களுக்கு எவ்ளோன்னு கேட்டா. ஒரு கிலோன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கல்லை அடுப்பில் வைத்தேன். மாவு இன்னும் புளிக்கவில்லை, தோசை கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. அவர் சாப்பிட்டார். தட்டை எடுக்கப் போனபோது, இன்னொன்று போடு என்றார்.